வெள்ளை அல்லாத ஒரு வான்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஓகஸ்ட் மாதம் தானும் அத்தானும் பேரப்பிள்ளைகள் இருவரும் வருவதாகவும், இம்முறை கொழும்போடு திரும்பிப் போகும் எண்ணமில்லை என்றும் சொன்னார். யாழ்ப்பாணம், பருத்தித்துறை, காரைநகர், பிறகு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று உறவினர் இருக்கும் இடங்களெல்லாம் பட்டியலில் இருந்தன. அக்கா ஊரைக் கடைசியாகப் பார்த்தது 1989இல். அப்போது யாழ்தேவி ஓடிக்கொண்டிருந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது என்றேன். "ரெயினிலை இருந்து இறங்கி ஓட்டோவிலை ஏறி, பஸ்ஸிலை ஏறி, என்ரை முழங்காலுக்கு ஏலாது தம்பி" என்றார். இரண்டு முழங்கால்களிலும் சத்திரசிகிச்சை செய்தவர். வயது 74.

எட்டுப் பேர், பயணப் பொதிகள், மூன்று வாரங்கள், ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்று இரண்டு நாட்கள் கணக்குப் போட்டேன். மூன்று வார வாடகையும் சாரதியின் சம்பளமும் சாப்பாடும் சேர்ந்தால் பெருந்தொகை. பழைய வான் ஒன்றை வாங்கி, பயணம் முடிந்த பின் கதிர்காமத்துக்கோ முன்னேஸ்வரத்துக்கோ நாமும் போய்வந்து, பிறகு விற்றாலும் நட்டம் அதிகம் வராது என்று பட்டது. இலங்கையில் வாகனம் என்பது சேமிப்புக் கணக்குப் போன்றது. வாங்கிய விலையிலேயே விற்றவர்கள் பலரை நான் அறிவேன்.

மனைவியிடம் சொன்னேன். அவர் ஒரு நிபந்தனைதான் விதித்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன வானெண்டாலும் வாங்குங்கோ. வெள்ளை வான் எண்டால் நான் ஏற மாட்டன்."

இதை வெளிநாட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது கடினம். கொழும்பில் 2006 முதல் 2009 வரை இருந்த தமிழருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெள்ளை வான் என்பது அந்நாட்களில் ஒரு வாகனத்தின் பெயராக இருக்கவில்லை. இலக்கத்தகடு இல்லாமல் வரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் பலர் திரும்பவில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் இளைஞர்களும் வர்த்தகர்களும் இவ்வாறு காணாமற் போனார்கள். எமது தொழிலில் இருந்த சிங்கள நண்பர்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2008 மே மாதத்தில் கீத் நொயார் கடத்தப்பட்டு, அடித்து நொறுக்கப்பட்டுத் திரும்பி வந்தார். 2009 ஜூன் முதலாம் திகதி, போர் முடிந்து இரண்டு வாரங்களுக்குள், போத்தல ஜயந்த கடத்தப்பட்டுக் கால் உடைக்கப்பட்ட நிலையில் வீசப்பட்டார்.

2007இல் எங்கள் ஒழுங்கையில் ஒரு வெள்ளை வான் மூன்று இரவுகள் நின்றது. நான் செய்தி ஆசிரியர் பகுதியில் இரவுக் கடமை முடித்து அதிகாலை ஒரு மணிக்கு வீடு திரும்புகிறவன். மூன்று இரவும் மனைவி யன்னலோரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலையில்தான் அது குளிர்சாதனப் பெட்டி திருத்துபவருடைய வான் என்று தெரிந்தது. சிரித்தோம். ஆனால் அந்த மூன்று இரவுகளுக்குப் பின்னர் அவருக்கு வந்த இரத்த அழுத்தம் இன்றும் இருக்கிறது.

ஆகவே நிபந்தனையை ஏற்றேன். ஏற்ற பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. இலங்கைக்கு ஜப்பானிலிருந்து வந்த பழைய வான்களில் பெரும்பாலானவை அங்கே கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் பொருட்கள் ஏற்றியவை. அவை வெள்ளையாகத்தான் வரும். வெயிலுக்கு வெள்ளை நல்லது, சிராய்ப்பு மறைப்பது சுலபம், விற்கும்போது விலை போகும் என்று சொல்லி இங்குள்ளவர்களும் வெள்ளையையே தேடுவார்கள். வாடகை வான்களும் அவ்வாறே. இதனால்தான் அந்தக் காரியத்துக்கும் வெள்ளை வான் வசதியாக இருந்தது. ஆயிரம் வெள்ளை வான்களுக்குள் ஒன்றை யார் அடையாளம் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களை வாசிக்கத் தொடங்கினேன். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைக்குள் இருந்தவனுக்கு விளம்பரத் தமிழும் விளம்பரச் சிங்களமும் புதிதல்ல. 'வெளிநாடு செல்வதால் உடன் விற்பனைக்கு' என்றால் பெரும்பாலும் தரகர். 'சிறு திருத்தங்கள் உண்டு' என்றால் என்ஜின் போய்விட்டது. 'ஓப்பன் பேப்பர்' என்றால், உரிமையாளர் கையொப்பம் வைத்த மாற்றுப் படிவத்தோடு வாகனம் மூன்று நான்கு கை மாறிவிட்டது, புத்தகத்தில் இருக்கும் பெயருக்குரியவரை இனித் தேடிப் பிடிக்க முடியாது என்று பொருள். அவற்றையெல்லாம் ஒதுக்கினேன்.

எனக்குத் துணையாக வந்தவர் மாளிகாவத்தையில் கராஜ் வைத்திருந்த ஒரு நானா. பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் எந்த உதிரிப்பாகம் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அவர் என்னைக் கேட்ட முதலாவது கேள்வி, "எத்தனை பேர் சேர், எவ்வளவு தூரம்?" என்பதுதான். எட்டுப் பேர், ஏ9 வீதி, ஓகஸ்ட் வெயில் என்றேன். உடனே ரவுண் ஏஸ் வேண்டாம் என்றார். நம்மவர்கள் 'லொட்டோ' என்று அழைக்கும் அந்தச் சிறிய வானின் 2சி டீசல் என்ஜின் பட்டணத்துக்கு நல்லது. பாரமேற்றி நீண்ட தூரம் வெயிலில் ஓடினால் சூடேறும், சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பது அவர் அனுபவம். 2004க்குப் பின் வந்த கே.டி.எச். வகை ஹை ஏஸ் மிகச் சொகுசு, ஆனால் அதன் இன்ஜெக்டர்கள் பழுதானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதச் சம்பளம். "சேருக்கு டொல்பின்தான் சரி" என்றார். தொண்ணூறுகளில் வந்த ஹை ஏஸைத்தான் இங்கே டொல்பின் என்பார்கள். 2.8 லீற்றர் 3எல் டீசல் என்ஜின். வேகம் குறைவு, சத்தம் அதிகம். ஆனால் வவுனியாவில் உடைந்தாலும் பரந்தனில் உடைந்தாலும் திருத்துவதற்கு ஆள் இருக்கும்.

ஐந்து வாரங்களில் பதினான்கு வான்கள் பார்த்தோம். நானா ஒவ்வொன்றையும் பரிசோதித்த விதத்தை எழுதிவைத்தால் வாங்க நினைப்பவர் யாருக்காவது உதவும்.

வீட்டுக்குப் போனதும் முதலில் முன்னாசனத்தைத் தூக்கி என்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "நாளைக்கு விடிய வாரோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். குளிர்ந்த என்ஜின் எப்படி உயிர் பெறுகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறதாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை அடங்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அடியில் பால்கோப்பி நிறத்தில் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்துவைத்து, என்ஜின் ஓடுகையில் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று காத்திருப்பார்.

மீற்றரை அவர் பார்ப்பதேயில்லை. "அது கதை சேர்" என்பார். பிரேக் மிதியின் இறப்பரைப் பார்ப்பார், ஸ்ரியறிங் வளையத்தின் வழுவழுப்பைப் பார்ப்பார், சாரதி ஆசனத்தின் வலது ஓரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். தொண்ணூறாயிரம் கிலோமீற்றர் காட்டிய ஒரு வானின் கிளச் மிதியில் இறப்பரே இல்லை, இரும்பு பளபளத்தது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நின்ற வான் ஒன்று வெளியே புதுமணப்பெண் போல இருந்தது. நானா தரை விரிப்பைத் தூக்கினார். துரு தின்ற துவாரத்தினூடாக வீதி தெரிந்தது.

களனி கங்கைக் கரைப் பகுதியில் பார்த்த ஒன்றில் அவர் ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்து வெளியே எடுத்தார். கடைசி ஓரடியில் சேறு காய்ந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தைக் கழுவ மாட்டார்களாம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது, எத்தனை வாகனங்கள் கழுவப்பட்டு விளம்பரத்துக்கு வரப்போகின்றனவோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இந்தப் பதினான்கில் பத்து வெள்ளை. அவற்றில் இரண்டு, நானாவின் சொற்படி, 'கண்ணை மூடிட்டு எடுக்கலாம்' என்ற தரம். நானா இரண்டாவது முறை கோபித்துக்கொண்டார். பூச்சுப் பூசினால் போயிற்று என்றார். பூசலாம்தான், புத்தகத்திலும் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும். ஆனால் பூசும்வரை அது எங்கள் வாசலில் நிற்க வேண்டுமே. அவரிடம் காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீலத்தில் தேடுவோம்" என்றார்.

பதினைந்தாவது வான் வத்தளையில் இருந்தது. கடும் நீல டொல்பின், எழுத்துகள் இல்லாத பழைய இலக்கத்தகடு. தகடு வாகனம் இலங்கையில் பதியப்பட்ட காலத்தைத்தான் சொல்லும், ஜப்பானில் செய்யப்பட்ட ஆண்டு அதற்கும் முந்தியது என்பதை மறந்துவிடக் கூடாது. விற்பவர் ஒரு தமிழர், அறுபது வயதுக்கு மேற்பட்டவர், விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்தவர். காலை ஆறு மணிக்குப் போனோம். என்ஜின் குளிர்ந்திருந்தது. ஒரே சுற்றில் பிடித்தது. ஏறும் படி தாழ்வாக, கைபிடியோடு இருந்தது. வயதானவர்களுக்காகத் தானே பொருத்தியது என்றார். எனக்கு அக்காவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு ஏசியும் வேலை செய்தன.

நானா கதவின் பிணைச்சலைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நீலப் பூச்சு முடிந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நிறம் மாற்றியது முறையாகப் பதியப்பட்டிருந்தது; ஆண்டு 2008. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். விபத்தா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று சொன்னால் அது பொய்.

"விடியப்பறம் மூண்டு மணிக்கு எயார்போட்டுக்கு ஆள் ஏத்தக் கொட்டாஞ்சேனைக்குப் போவன் ஐயா. வான் ஒழுங்கைக்குள்ளை திரும்பினவுடனை வீடுகளிலை லைற் நூரும். ஏற வேண்டியவையே கதவு திறக்காயினம். ஒருநாள் ஒரு தாய் என்னைக் கண்டிட்டு மகனைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கத்தினா. அவனை லண்டனுக்கு அனுப்பத்தான் என்னைக் கூப்பிட்டவை. அடுத்த கிழமை பெயின்ற் அடிச்சுப் போட்டன்."

விலை பேசினோம். 18 இலட்சத்துக்கு முடிந்தது. முற்பணம் கொடுக்காமல் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டுக்கு வந்து, மறைத்துவிடலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவர் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும், "அந்தத் தாயின்ரை மகன் லண்டன் போய்ச் சேர்ந்தவனோ?" என்றார். அதை நான் கேட்டிருக்கவில்லை. நாற்பது வருடச் செய்தியாளன் கேட்க மறந்த கேள்வி. வத்தளைக்குத் தொலைபேசி எடுத்தேன். போய்ச் சேர்ந்துவிட்டான், இப்போது குடும்பமாக இருக்கிறான் என்றார். "அப்ப அதை வாங்குங்கோ" என்றார் மனைவி.

ஓகஸ்டில் புத்தளம், அநுராதபுரம் வழியாகப் புறப்பட்டோம். மைத்துனரின் மகன் ஓட்டினான். இவ்வளவு பரிசோதித்தும், மாங்குளத்துக்கு அப்பால் ரேடியேற்றர் குழாய் ஒன்று வெடித்தது. நானா பார்க்காமல் விட்ட ஒரே பொருள் அது. அரை மணித்தியாலத்தில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ரயர் ரியூப் வெட்டிச் சுற்றிக் கட்டித் தந்தார். அந்தக் கட்டுடன் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, யாழ்ப்பாணம் வரை போனோம். ஆனையிறவில் அக்கா இறங்க வேண்டும் என்றார். வத்தளைக்காரர் பொருத்திய படியில் கால் வைத்து, கைபிடியைப் பிடித்து, யாருடைய உதவியும் இல்லாமல் இறங்கினார். உப்பங்காற்றில் நெடுநேரம் நின்றார். அத்தான் கூப்பிட்டும் ஏறவில்லை.

அந்த வான் எங்களிடம் ஆறு ஆண்டுகள் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலை ஏறத் தொடங்கியது. 2021இல் வவுனியாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், நாங்கள் கொடுத்ததிலும் பல இலட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். திருமண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறாராம். கதவைத் திறந்து, பிணைச்சலைப் பார்த்து, "இது வெள்ளையாத்தானே ஐயா இருந்திருக்கு, ஏன் மாத்தினவை? வெள்ளையெண்டால்தான் ஹயருக்குப் போகும். நான் திரும்ப அடிக்கப் போறன்" என்றார்.

நிறம் மாற்றினால் புத்தகத்திலும் மாற்றிப் பதிய வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன்.