தெலாகா துறையில் ஒரு மே மாதம்

ஞாயிறு

மலேசியாவின் லங்காவித் தீவில் காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பத்து மணிக்குள் நாங்கள் குடியிருக்கும் படகின் கண்ணாடியிழைக் கூடு சூடேறி, உள்ளே உட்கார முடியாமல் போய்விடும். அதற்குள் சமையலை முடித்தாக வேண்டும். எனக்குக் கைகொடுப்பது குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் பருப்பு தரையில் கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். எரிவாயு விஷயத்தில் படகில் விளையாட முடியாது. அது காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் சன்னலைத் திறந்துவிடலாம். இங்கே கசிந்தால் அடித்தட்டுக்கு இறங்கித் தேங்கும். பிறகு ஒரு மோட்டார் பொறி போதும். அதனால் சிலிண்டர் வெளியே, அமரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. கசிவு கடலோடு போகட்டும் என்று அந்தப் பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை. அடுப்பை அணைத்ததும் சிலிண்டரின் வால்வையும் மூடிவிட்டுத்தான் சாப்பாடு.

மாலையில் பாடாங் மாட்சிராட் இரவுச் சந்தை. இந்தத் தீவு அடங்கிய கெடா மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும்தான் வாராந்திர விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஆனாலும் சந்தையில் கால் வைக்க இடமில்லை. வாங்கியதையெல்லாம் மிதவை மேடையிலேயே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணிப்பையில் போட்டேன். அட்டை மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் படகை விற்றால்தான் கரப்பான் போகும் என்பார் என் கணவர்.

திங்கள்

ஈப்போவிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். “அத்தை, இன்னிக்கு எந்தத் தீவுக்குப் போறீங்க?”

எங்கேயும் போகவில்லை. கயிற்றை அவிழ்த்து மாதக்கணக்காகிறது. பாய்மரப் படகில் குடியிருக்கிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் மனத்தில் விரிவது, காற்றில் புடைத்த வெள்ளைப் பாய். எங்கள் பாய்கள் வெயிலில் இற்றுப்போகாமல் இருக்க, உறைக்குள் சுருண்டு கிடக்கின்றன. ஓடும் படகைவிட நிற்கும் படகுதான் அதிக வேலை வாங்குகிறது என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

இன்று அடிப்பகுதியைச் சுரண்ட மலாய்ப் பையன் வந்தான். இளஞ்சூடான, அசையாத தண்ணீர் என்றால் கொட்டலசுக்குக் கொண்டாட்டம். முதலில் ஒரு வழுவழுப்பு, பிறகு பாசி, பிறகு சுண்ணாம்பு ஓட்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும் இந்தப் பிராணி. செம்பு கலந்த பெயின்ட் கொஞ்ச காலம் தடுக்கும். அந்தப் பெயின்ட் இல்லாத உந்துவிசிறியில் சில வாரங்களிலேயே திட்டுத் திட்டாக வளர்ந்துவிடும். அப்படியே இன்ஜினைப் போட்டால் புகைதான் வரும், படகு நகராது. பையன் மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “ஓடுற படகுல இவ்வளவு ஒட்டாது, காக்,” என்றான். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே குத்திக்காட்டுகிறான்.

செவ்வாய்

நேற்று அந்தப் பையன் அடியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வைத்த துத்தநாகக் கட்டியை என் கணவர் காலையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

உப்புத் தண்ணீரில் இரண்டு வகை உலோகம் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் அது ஒரு மின்கலம். மட்டமான உலோகம் கரையும், உசத்தியானது தப்பிக்கும். வெண்கல விசிறி தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதன் தண்டில் துத்தநாகத்தைப் பலிக்கு மாட்டுகிறோம். அதோடு முடியவில்லை. எல்லாப் படகும் கரையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. அந்தக் கம்பியிலுள்ள எர்த் இணைப்பு எங்கள் படகையும் பக்கத்து இரும்புப் படகையும் ஒரே மின்கலமாக்கிவிடுகிறது. எங்கள் துத்தநாகம் அந்தப் படகின் இரும்புக்கும் சேர்த்துக் கரைகிறது. குறுக்கே ஒரு தடுப்புக் கருவி மாட்டினால் இது நிற்கும். 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு. வெளிநாட்டுப் படகுகள் இங்கே திரளுவதற்கு மலிவான மதுவும் ஒரு காரணம் என்பதை யாரும் ஒளிப்பதில்லை. எங்களுக்கு அந்தச் சலுகையில் வாய்த்தது இந்தத் தடுப்புக் கருவிதான்.

புதன்

இரவில் படகின் வயிற்றோடு காதை வைத்தால் கடுகு வெடிப்பது போலச் சடசடப்பு. முதன்முதலாகக் கேட்பவர்கள் படகு விரிசல் விடுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். விரல் நீளமே உள்ள ஒருவகை இறால் செய்கிற வேலை அது. பெரிய கொடுக்கை அது வேகமாக மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழ் தோன்றி உடைகிறது. கொடுக்கு மோதுவது அல்ல, குமிழ் உடைவதுதான் அந்தச் சத்தம். அந்த அதிர்ச்சியிலேயே இரை மயங்கிவிடும். எனக்கு அது பழகிவிட்டது. காற்றில் கம்பத்தில் மோதும் பாய்க்கயிற்றின் ‘டணார் டணார்’தான் இன்னும் பழகவில்லை. தன் கயிற்றை இழுத்துக் கட்டாமல் ஊருக்குப் போகிறவரை இந்தத் துறையில் யாரும் மன்னிப்பதில்லை.

வியாழன்

விடியுமுன் சுமாத்ரா அடித்தது. மேற்கே நீரிணையைத் தாண்டி வரும் புயல்காற்று வரிசைக்கு இங்கே அதுதான் பெயர். மே பிறந்தால் அதன் பருவம். முதலில் புழுக்கம் சட்டென்று விலகிக் குளிர்ந்தது. பிறகு காற்று, அதன் பின்னால் மழை. அவர் அணியத்துக் கயிறுகளைப் பார்க்க, நான் படகுக்கும் மேடைக்கும் நடுவே பந்துகளைச் சரிசெய்தேன். கயிறு அறுவது இழுப்பால் அல்ல, உரசலால். ஒரே இடத்தில் இரவு முழுக்கத் தேய்ந்தால் கட்டைவிரல் பருமனான கயிறும் நூல் நூலாகப் பிரியும். அதனால் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றியிருக்கிறோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. பிறகு மெத்தைகளைத் தூக்கி அடியில் பார்த்தால் ஈரம். வினிகர் தொட்டுத் துடைக்காவிட்டால் இரண்டே நாளில் பூசணம்.

வெள்ளி

மழை கழுவிய மாட்சின்சாங் மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கேபிள் கார்களில் வந்த சுற்றுலாக்காரர்கள் மேலிருந்து எங்களைப் படம் பிடித்திருப்பார்கள்.

கரையில் தே தாரிக் குடிக்கும்போது, எப்போது கிளம்பப்போகிறோம் என்ற பேச்சு வந்தது. மேற்கே இலங்கைக்குப் போக வேண்டுமானால் வாடைக்காற்று வேண்டும். அதாவது டிசம்பர் கழிய வேண்டும். இது இன்றைய கணக்கு அல்ல. எதிர்க்கரையில், ஜெராய் மலையடிவாரத்தில்தான் பழைய கடாரம் இருந்தது. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். அதற்கு முன்னும் பின்னும் வணிகர்கள் ஒரு காற்றில் வந்து மறு காற்றுக்காக மாதக்கணக்கில் அங்கே கிடந்ததைப் படித்ததாக நினைவில்லை. அவர்களுடைய மரக்கலங்களையும் யாரோ சுரண்டியிருப்பார்கள், ஈரம் துடைத்திருப்பார்கள்.

துறைக்குள் இருந்தால் பத்திரம் என்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று இதே துறைவாய் வழியாகத்தான் சுனாமி புகுந்தது. மிதவை மேடைகள் பிய்ந்தன, கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின, சில மூழ்கின. ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு அடியில் அதே அலை தெரியாமலே போய்விடும்.

சனி

இந்தத் துறையில் படகு கட்டியிருக்கும் ஒரு பிரெஞ்சுத் தம்பதி மழைக்காலம் முழுக்கத் தங்கள் ஊரில் இருக்கப்போகிறார்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாரம் ஒருமுறை அடித்தட்டுத் தண்ணீர், பேட்டரி, கயிற்று உரசல், பூசணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கூலியாக அவர்களின் தையல் மெஷினை டிசம்பர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாய் உறையின் தையல் விட்டு ரொம்ப நாளாகிறது. நாளைக்கே பிரிக்க வேண்டும்.