நம் ஊர்ப் பெண் பார்க்கும் வேலை



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். டீச்சர் ரிட்டையர் ஆகியும் பாடம் எடுப்பதை விடவில்லை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இது வெறும் பாடம் இல்லை. ஒரு பெண்ணின் கல்யாண விஷயமும் இதில் சிக்கியிருக்கிறது.

நான் பாடம் எடுத்த பெண்தான். பெயர் சொல்லமாட்டேன், நீங்களும் கமெண்டில் ஊகிக்க வேண்டாம். அப்பா டேனரியில் டிரம் ஓட்டியவர், இப்போது உயிரோடு இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அந்தச் சம்பளத்தில் பெண்ணை எம்.எஸ்சி. இயற்பியல் வரைக்கும் படிக்க வைத்தார். இப்போது அவள் அணுக்கருவின் அமைப்பைப் பற்றி பிஎச்.டி. செய்கிறாள், நாலாவது வருடம். சமீபத்தில் ஒரு வரன் எல்லாம் கூடி வந்து, தட்டு மாற்ற நாள் பார்க்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "பொண்ணு அணு கதிர்ல வேலை செய்யுதாமே, நாளைக்கு கொழந்த பொறக்கலன்னா?" அதோடு பேச்சு நின்றுவிட்டது. நம் சொந்தத்திலேயே ஒருவர், "சரியாத்தானே கேட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். அவரும் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "டீச்சர், அவ என்னா வேலதான் செய்றா? கேக்குறவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது?"

நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. எட்டாம் வகுப்பு வரைக்கும் அறிவியல் எடுத்தவள். அதனால் லீவுக்கு வந்திருந்த அந்தப் பெண்ணையே மூன்று சாயங்காலம் எதிரில் உட்காரவைத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிக் கேட்டேன். இந்த முறை அவள் டீச்சர், நான் மாணவி.

அணுவுக்குள் நடுவில் அணுக்கரு, சுற்றி எலக்ட்ரான்கள். இது உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது. அளவுதான் அப்போது சரியாக மனதில் ஏறியிருக்காது. ஒரு அணுவை ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால், அதாவது நம் டவுன் அளவுக்கு, நடுவில் இருக்கும் அணுக்கரு ஒரு கால்பந்துகூட இருக்காது. எடை மட்டும் ஏறக்குறைய முழுக்க அந்தப் பந்துக்குள்தான். அந்தப் பந்து உருண்டையா, கோவைக்காய் மாதிரி நீளமா, விறைப்பாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

கண்ணால் பார்க்க முடியாத பொருளின் வடிவம் எப்படித் தெரியும்? இருட்டு வீட்டில் ஒருவர் மாடிப்படி இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் 'டொக்' என்று சத்தம். உயரமான படி என்றால் பெரிய சத்தம், சின்னப் படி என்றால் சின்னச் சத்தம். வெளியே நின்று காதால் கேட்டே எத்தனை படி, எது எவ்வளவு உயரம் என்று வரைந்துவிடலாம். அணுக்கருவைக் கிளறிவிட்டால் அது மேல் படிக்குப் போகும். பிறகு படிப்படியாக இறங்கும். இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு காமா கதிர் வரும். அந்தக் கதிரின் ஆற்றல்தான் படியின் உயரம். அளக்கும் அலகு கிலோ எலக்ட்ரான்வோல்ட். இனிமேல் எண்ணை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர் உதாரணமே கேட்டேன், உடனே சொன்னாள்: குரோமியம். குரோம் என்றால் நமக்கு டிரம்மும் வெட் ப்ளூ தோலும்தான் ஞாபகம் வரும். பாலாறும் ஞாபகம் வரும், அதை மறைப்பானேன். ஆனால் தோல் பதப்படுவது, தண்ணீர் கெடுவது இரண்டும் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களின் வேலை. அதற்கெல்லாம் அணுக்கரு அசைந்தே கொடுக்காது. அந்த குரோமியத்தை 100 அணு எடுத்தால் 84 அணுக்களில் அணுக்கரு ஒரே மாதிரி: 24 புரோட்டான், 28 நியூட்ரான், மொத்தம் 52. அதன் முதல் படி 1434. இரண்டு நியூட்ரான் குறைந்த குரோமியம் 50-க்கு முதல் படி 783. இரண்டு கூடிய குரோமியம் 54-க்கு 835. பாருங்கள், இரண்டு பக்கமும் சின்னப் படி, நடுவில் இருப்பது மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு உயரம். அதைக் கிளறுவது கஷ்டம். ஷூவின் அடித்தோலை வளைப்பதற்கும் கையுறைத் தோலை வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மாதிரி, 52 விறைப்பு.

காரணம் 28 என்ற எண். 2, 8, 20, 28, 50, 82, 126 என்று சில எண்களில் அணுக்கரு நிறைந்துபோய் உறுதியாக நிற்கும். மாய எண்கள் என்று பெயர். அது ஏன் என்று 1949-இல் விளக்கியவர்கள் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பெண்மணியும், தனியாக ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும். 1963-இல் நோபல் பரிசு. அந்த அம்மாள் பல வருடம் பல்கலைக்கழகங்களில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர். கணவர் அங்கே பேராசிரியர், அதனால் மனைவிக்கும் வேலை கொடுக்கக் கூடாதாம். இரண்டு பிள்ளைகள் வேறு. பெண் படித்தால் இடைஞ்சல் சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

நம் மாநிலத்தில் இன்னொரு அழகான உதாரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதில் தோரியம். தோரியம் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயம் 208 ஆகிறது. 82 புரோட்டான், 126 நியூட்ரான், இரண்டுமே மாய எண். முதல் படியின் உயரம் என்ன தெரியுமா? 2614. அந்த மணலுக்குப் பக்கத்தில் கருவி வைத்தால் 2614-இல் ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும்.

இதற்கு நேர் எதிர், எர்பியம் 166. முதல் படி 81-தான். அடுத்தது 184, அதற்கடுத்தது 280. படிகள் இப்படிச் சீராகக் கூடிக்கொண்டே போனால், நீளமான ஒரு பொருள் சுழல்கிறது என்று அர்த்தம். 1986-இல் இங்கிலாந்தில் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் டிஸ்ப்ரோசியம் 152-ஐ வேகமாகச் சுழலவிட்டபோது, 47, 47 என்று ஒரே இடைவெளியில் 19 காமா கோடுகள் வரிசையாக வந்தன. அந்தக் கரு அகலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம். அந்தப் படத்தை அவள் செல்போனில் காட்டினாள். சீப்பின் பற்கள் மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். ஜெர்மேனியம் படிகத்தைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரி வரைக்கும் குளிர்வித்து வைத்திருப்பார்கள். காமா உள்ளே விழுந்தால் ஆற்றலுக்கு ஏற்ற மின்துடிப்பு. நாலு படிகத்தை நாலு இதழ் போல் சேர்த்து ஒரு கருவி, அதற்கு 'க்ளோவர்' என்று பெயர். சில காமா பாதி ஆற்றலைப் போட்டுவிட்டு நழுவி ஓடிவிடும். அதைப் பிடிக்கச் சுற்றி இன்னொரு படிக வேலி. வேலியில் சத்தம் வந்தால் அந்தக் கணக்கைத் தள்ளிவிடுவார்கள். இப்படி 24 க்ளோவர் சேர்ந்தது நம் நாட்டின் 'இங்கா' என்ற தேசிய காமா அணி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஒரே இடத்தில் உட்காராது. மும்பை டாட்டா நிறுவனம், தில்லியின் ஐ.யு.ஏ.சி., கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் என்று மாறி மாறி முகாம் போடும். வசதியில்லாத பல்கலைக்கழகப் பிள்ளைகளும் போய் முறை வைத்து வேலை செய்யலாம். பெரிய அடுக்களை ஒன்று, சமைக்க வருபவர்கள் பல வீட்டார்.

முடுக்கியிலிருந்து வேகமாக வரும் அணுக்கரு மெல்லிய தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கிறுகிறுவென்று சுழன்று, சில நியூட்ரான்களை உதறிவிட்டு, காமாவாகக் கொட்டிக்கொண்டு இறங்கும். இரண்டு காமா ஒரே நொடியின் கோடியில் சில பங்குக்குள் சேர்ந்து வந்தால் இரண்டும் ஒரே படிக்கட்டைச் சேர்ந்தவை. இப்படிக் கோடிக்கணக்கான ஜோடிகளைச் சேர்த்துத்தான் படம் வரைவது. நாலு நாள் பீம் கிடைத்தால் ஒரு வருடம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் உண்டு. அவள் அம்மா பார்க்காத ஷிஃப்டா?

இப்போது பயத்துக்கு வருகிறேன். பீம் ஓடும்போது அந்த ஹாலுக்குள் ஈ காக்கை போக முடியாது. தடித்த கான்கிரீட் சுவர், பூட்டிய கதவு. பிள்ளைகள் வெளியே வேறு அறையில் கம்ப்யூட்டர் முன்னால். எல்லோர் சட்டையிலும் கதிர் அளக்கும் பேட்ஜ். அந்தக் கணக்கு எழுதிவைக்கப்படுகிறது. நம் நாட்டில் கதிர்வீச்சு வேலையாளுக்கான வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பமான பெண்ணுக்கு வரம்பு இன்னும் மிகக் குறைவு. ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக உலகச் சராசரி 2.4 வந்துவிடுகிறது. அவள் பேட்ஜ் கணக்கை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாலு வருடமும் சேர்த்து அந்த 2.4-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதில் துளியளவு பொட்டாசியம் 40. பெரியவர் ஒருவர் உடம்பில் நொடிக்கு நாலாயிரம் அணுவுக்கு மேல் சிதைகிறது, அதில் பத்தில் ஒன்று 1460 என்ற காமாவை விடுகிறது. வரனை நிறுத்தியவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவர்கள் உடம்பிலிருந்து காமா வந்துகொண்டுதான் இருந்தது.

"இதனால் என்ன பிரயோஜனம்" என்பது அடுத்த கேள்வி. நம் குடும்பத்தில் எலும்பு ஸ்கேன் எடுக்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கையில் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். ஊசியில் இருந்தது டெக்னீசியம் 99எம். அது இரண்டு படியாக இறங்கும். முதல் படி 2 சொச்சம்தான், அதில் ஏறக்குறைய காமாவே வராது, எலக்ட்ரான்தான் வரும். இரண்டாவது படியில் 140 என்ற காமா, அதைத்தான் கேமரா படம் பிடிக்கிறது. ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும். இதை 1938-இல் சீபோர்கும் சேக்ரேவும் கண்டபோது எலும்பு ஸ்கேன் என்ற சொல்லே கிடையாது. மருத்துவத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் இவள் ஆராய்ச்சியிலிருந்தும் நாளைக்கே மருந்து வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். வராவிட்டாலும் அது நல்ல வேலைதான்.

எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது என்று கவனமான பிள்ளைகள் கேட்பீர்கள். சில சமயம் கரு தன் ஆற்றலைக் காமாவாக விடாமல், பக்கத்தில் சுற்றும் எலக்ட்ரான் கையில் கொடுத்துவிடும். எலக்ட்ரான் அணுவை விட்டு வெளியேற வழிச்செலவு கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியோடு ஓடும். சீசியம் 137-இல் காமா 662, எலக்ட்ரான் 624. இடையில் உள்ள 38-தான் வழிச்செலவு. எத்தனை காமாவுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற விகிதம், அந்தப் படி எந்த ஜாதி என்று காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து ஆந்திராவில் பிறந்து துறவியான சுவாமி ஞானானந்தா, லிவர்பூலில் சாட்விக் இருந்த இடத்துக்குப் போய் இந்த எலக்ட்ரான் அளவீட்டைக் கற்று, பிறகு விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலை வளர்த்தார். காவி கட்டிய சாமியார் காந்தமும் வெற்றிடக் குழாயுமாக நின்றதை நினைத்துப் பாருங்கள்.

சுழலாமல் இருக்கும் ஒரு நிலையிலிருந்து சுழலாத இன்னொரு நிலைக்கு இறங்கும்போது, ஒற்றைக் காமா வரவே வழியில்லை, இயற்கை அனுமதிப்பதில்லை. காமா கருவிக்கு அந்தப் படி இருப்பதே தெரியாது. எலக்ட்ரான் மட்டும் வரும். காந்தம் வைத்து அதைத் திருப்பி, குளிர்ந்த சிலிக்கான் துண்டில் பிடிப்பார்கள். ஒரே கரு இரண்டு மூன்று வடிவத்தில் இருக்க முடியும் என்பதற்கு இந்தப் படிகள்தான் முக்கியமான சாட்சி. ஈயம் 186-இல் உருண்டை, நீளம், தட்டை என்று மூன்று வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இவள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயம் இந்தக் காமா வராத படிகளைப் பற்றியதுதான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரியாததை அவளிடம் கேட்டுச் சொல்கிறேன். அடுத்த வாரம் முழுக்க அவளுக்கு பீம் டைம், அதனால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும்.