வெட்டினால் கூடும் எழுத்து

பைத்தான் மொழியில் ‘கடல்’ என்ற சொல்லின் இறுதிக் குறியை வெட்டினால் எஞ்சுவது ‘கட’ அன்று, ‘கடல’. நீக்கியது ஒரு குறி. கூடியதோ ஓர் அகரம்.

காரணம் யூனிகோடின் அமைப்பு. இலக்கணத்தில் உயிரும் மெய்யும் முதலெழுத்துகள். உயிர்மெய் அவை கூடிப் பிறப்பது. குறியேற்றத்தில் இம்முறை தலைகீழ்: ‘ல’ ஒரு குறி, ‘ல்’ அதனோடு புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே ‘தமிழ்’ படிப்பவருக்கு 3 எழுத்து, பைத்தானுக்கு 5 குறி. முதல் இரண்டை எடுத்தால் ‘தமி’ வராது, ‘தம’ வரும்.

ஸ்விஃப்ட் மொழி கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே அலகாகக் கொள்வதால் 3 என்றே எண்ணும். பெயர்களும் தலைப்புகளும் சிதையாமல் வெட்ட அது போதும், உருபனியலுக்குப் போதாது. ‘கடலை’ என்பது ‘கடல்’ எனத் தொடங்குகிறதா என்று வினவினால் இரு மொழிகளும் இல்லை என்றே விடை தரும். லகர மெய்யின்மேல் ஐ உருபு ஏறிவிட்டது. சொல்லை க், அ, ட், அ, ல், ஐ என ஒலியன்களாகப் பிரித்த பின்னரே பகுதி புலப்படும்.

வேற்றுமை உருபுகளை எண்ணும் ஆய்வில் இப்படி விடுபட்டால் நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. அட்டவணை நிறைவாகவே தோன்றும். மெய்யீற்றுப் பெயர்கள் மட்டும் அதில் இரா. ஆதலால் நிரலின் முதல் வரிக்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இவ்வாய்வில் ‘எழுத்து’ என்பது எது?