தானாக ரேஸ் ஆகும் வண்டி

ஆக்ஸிலரேட்டரில் காலே இல்லை. ஆனாலும் வண்டி சிக்னலில் நின்றபடி 'உர்ர்ர்' என்று கத்துகிறது. கிளட்சை லேசாக விட்டால் போதும், யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி முன்னே பாய்கிறது. மெக்கானிக் பாஷையில் 'ஸ்லோ ஸ்பீடு ஜாஸ்தியா இருக்கு'.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். முதல் முறையாகக் கார் வாங்கும் எத்தனையோ குடும்பங்கள் இதைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கின. பெரும்பாலான 800-களில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. அதனால் நோய் முதலில் காதில் விழும், அப்புறம் பெட்ரோல் பில்லில் தெரியும்.

எது ஜாஸ்தி என்று முதலில் தெரிய வேண்டுமே? சூடான இன்ஜின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 800, 900 சுற்று இருந்தால் சரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1500 வரை போய், சில நிமிடத்தில் இறங்கினாலும் பயமில்லை. ஏ.சி. போட்டதும் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான். அரை மணி நேரம் ஓடிய பிறகும் 1500-லேயே நின்றால்தான் வியாதி.

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கூடுதல் காற்று எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்றுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் தகடு திறக்கிறது, காற்று போகிறது, அதற்கேற்ற பெட்ரோலை கம்ப்யூட்டர் கொடுக்கிறது. மிதிக்காமலே வேகம் கூடினால், காற்று ஏதோ ஒரு வழியில் நுழைகிறது என்று அர்த்தம்.

தேடலைக் காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

முதலில் கேபிள். துருப்பிடித்தோ, ரொம்ப இறுக்கமாகவோ இருந்தால் த்ராட்டில் முழுசாக மூடாது. கால் மிதியடி பெடலில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்கணும். கார்புரேட்டர் வண்டியானால், இழுத்த சோக் முழுசாகத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ரப்பர் ஹோஸ்கள். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து வெடித்திருக்கும். 'உஸ்ஸ்' என்ற சத்தம் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வாக்யூம் ஹோஸாக அழுத்திப் பிடித்தால், எதைப் பிடிக்கும்போது வேகம் இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று போகிறது. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. சூடான இன்ஜின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்து லீக் தேடுவார்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மூன்றாவது கூலன்ட். அளவு குறைந்தாலோ, வெப்ப சென்சார் கெட்டாலோ, தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, 'இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கு' என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். தானே காற்று வழியை அகலமாகத் திறந்து வைக்கும்.

கடைசியாகத்தான் த்ராட்டில் பாடியில் படிந்த கரியும், ஸ்லோ ஸ்பீடைக் கட்டுப்படுத்தும் வால்வும். பல நேரம் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். புதுசு வாங்குவது அதற்கும் அப்புறம்.

இத்தனையும் எதற்கு, ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் சத்தம் அடங்கிவிடுமே என்று கேட்கலாம். அடங்கும்தான். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கலாம். ஆனால் பிழை எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கும். ஸ்க்ரூவும் அப்படித்தான். லீக் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு நாள் மறுபடி கத்தும், அல்லது காலையில் ஸ்டார்ட் ஆனதும் அணையும்.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸும் இந்த வாக்யூம் ஹோஸ்களில் ஒன்று. அதில் ஓட்டை விழுந்தால் ஸ்லோ ஸ்பீடு ஏறும், கூடவே பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகும். வண்டி முன்னே தள்ளுகிறது, நிறுத்தவோ இரண்டு மடங்கு பலம் வேண்டியிருக்கிறது! அந்த நிலையில் சத்தத்தை மட்டும் ஸ்க்ரூவால் அடக்கினால், இருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடும். குடும்பத்தோடு அதே வண்டியில்தான் மலையிறங்குவார்கள்.

ஒரு ஹோஸின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தேடத்தான் ஒரு மணி நேரம் ஆகும். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், 'அண்ணே, காத்து எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க' என்று ஓனர் சொன்னால் போதும்.