புகையின் மேல் ஒரு சமாதானம்

சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உள்ளே மாணவர்கள் ஸர்ஃபுப் பாடத்தை உரக்க ஓதிக்கொண்டிருந்தனர். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். எங்கோ பார்த்த முகம். அவர் பெயர் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு முத்திரைத்தாளை எடுத்து என் முன் விரித்தார். ஓரங்கள் பழுப்பேறி, மடிப்புகள் நைந்து போயிருந்தன.

"இது உங்க கையெழுத்துதானே, ஹஜ்ரத்?"

என் கையெழுத்துதான். 24 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சமாதானப் பத்திரம் அது.

மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் சமவெளியில் ஓர் ஊர், பெயர் வேண்டா. அங்கே ஒரு கூட்டுக் கிணற்றையும், அதற்குச் செல்லும் வண்டிப்பாதையையும் முன்னிட்டு இரு குடும்பத்தாருக்குள் பூசல் மூண்டது. ஒருநாள் வாய்ச்சொல் முற்றி மண்வெட்டிக் காம்பு உயர்ந்தது. ஒருவரின் மண்டை உடைந்தது. வழக்கு வெளியே போக வேண்டாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தனர். அடித்தவர் 40,000 ரூபாய் தர வேண்டும். 3 ஆண்டுகளுக்குக் கிணற்றில் அவருக்கு நீர்முறை இல்லை. அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் நின்று, வெளியே வருவோர் அனைவர் முன்னிலையிலும் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இவற்றை எழுத்தில் அமைத்துத் தரும் பணி என்னிடம் வந்தது. அப்போது எனக்கு முப்பது வயதை ஒட்டிய பருவம். அரபும் தமிழும் கற்றவன், சொல்லை நிறுத்து எழுதுபவன் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுச் சற்றே செருக்கும் இருந்தது. 'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்பதே பெரியவர்கள் சொன்னது. 'கைகட்டி நின்று' என்ற இரு சொற்களைச் சேர்த்தவன் நான். வாக்கியம் அப்போதுதான் நிறைவு பெற்றதாக எனக்குத் தோன்றிற்று. யாரும் மறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இன்றும் என் கண்முன் நிற்கிறது. வாயிலில் அவர் கைகட்டி நின்றார். பக்கத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், தந்தையின் செருப்புகளைக் கையில் ஏந்தியபடி, வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான். பணம் ஏழே மாதத்தில் கட்டப்பட்டது. ஊர் அடங்கியது. நல்ல சமாதானம் செய்தோம் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த மனிதர் மவுத்தானார். அடக்கத்துக்கு வந்த எதிர்வீட்டாரைக் கப்ரில் ஒரு பிடி மண் போட விடாமல் மகன் தடுத்தான். பிறகு வளைகுடா சென்று பொருளீட்டித் திரும்பினான். கிணற்றைச் சுற்றியிருந்த வயல்களை ஒவ்வொன்றாக வாங்கினான், பாதையை அடைத்தான். வைக்கோற்போர் எரிந்தது. கல்லெறியில் எதிர்வீட்டு இளைஞன் ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, அண்மையில் அவன் பக்கம் தீர்ப்பாயிற்று. எதிர்வீட்டு முதியவர் இப்போது சமாதானத்துக்குத் தயார் என்கிறார். அதற்காகத்தான் மகன் என்னிடம் வந்திருக்கிறான்.

"அன்னைக்கு எங்கத்தாவுக்கு எழுதினதை அப்படியே இவருக்கும் எழுதிக் குடுங்க, ஹஜ்ரத். ஒரு எழுத்துக்கூட மாத்த வேணாம்."

"இன்று எழுத மாட்டேன். வரும் வியாழக்கிழமை வா" என்று அனுப்பிவைத்தேன். உண்மையில், சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இடையில் ஒரு நிகாஹுக்காகத் திண்டுக்கல் செல்ல நேர்ந்தது. பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலில் தொழுதேன். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருப்பதாகச் சொல்லப்படும் இடம் அது. பின்னர் மலைக்கோட்டையில் ஏறினேன். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனி மலைத்தொடர்; தெற்கே மதுரை நோக்கி விரியும் சமவெளி. இந்தப் பாறையும் ஒரு சமாதானப் பத்திரத்தில் கைமாறிய பொருள்தான் என்பது அங்கே நின்றபோது உறைத்தது.

1755இல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு இங்கே ஆயுதச்சாலை கண்டார். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் அருகிலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் பெற்று, ஹைதரின் உதவியோடு 1780இல் தம் நாட்டை மீட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியால் துரத்தப்பட்டோருக்குத் திண்டுக்கல் ஒரு நிழல் மரமாக இருந்தது.

1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லை அரண்மீது படை செலுத்தினார். அது அவர் செய்த பிழை. அதை மறைப்பது வரலாற்றுக்கு நன்றன்று. கம்பெனியும் நிஜாமும் மராட்டியரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். 1790இல் திண்டுக்கல் கம்பெனி வசமாயிற்று. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைக்குள்ளாயிற்று. அடுத்த மாதம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி நாட்டில் பாதி பறிபோயிற்று. திண்டுக்கல், பாராமகால், மலபார் ஆகியவை கம்பெனிக்குச் சென்றன. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம்; பாதி உடனே, மீதி தவணைகளில். தவணை தீரும்வரை திப்புவின் மக்கள் இருவர், அப்துல் காலிக்கும் முயிஸுத்தீனும், கார்ன்வாலிஸ் வசம் பிணை. இருவரும் பத்து வயதை எட்டியும் எட்டாத பாலகர்கள். அவர்கள் யானைமீது வந்து இறங்கி ஒப்படைக்கப்பட்ட காட்சியை வெற்றியின் சின்னமாக ஆங்கில ஓவியர்கள் விரும்பி விரும்பித் தீட்டினார்கள்.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். தண்டப்பணம் கட்டப்பட்டது, படையினரிடமும் அதிகாரிகளிடமும் குடிகளிடமும் திரட்டப்பட்ட பணம் அது. 1794இல் பிள்ளைகள் திரும்பி வந்தனர். பத்திரத்தில் எழுதியவை எல்லாம் நிறைவேறின. சமாதானம் மட்டும் நிறைவேறவில்லை! இழந்த பாதியை நினைந்த திப்பு பிரெஞ்சுத் தீவான மொரீஷியஸுக்குத் தூது விட்டார்; காபூலுக்கும் விட்டார். 1798இல் மொரீஷியஸிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேரே. ஆயினும் போருக்குக் காரணம் தேடிய வெல்லெஸ்லிக்கு அதுவே போதுமானதாயிற்று. 1799 ஏப்ரலில், கோட்டை வாயிலில் நின்ற தளபதி ஹாரிஸ் விதித்த நிபந்தனைகள் யாவை? மிஞ்சிய நாட்டில் பாதி. 2 கோடி ரூபாய். பிணையாக மக்கள் நால்வர், தளபதிகள் நால்வர். பழைய பத்திரத்தையே எடுத்து எண்களை மாற்றியதுபோல இல்லையா? இம்முறை திப்பு கையெழுத்திடவில்லை. மே 4ஆம் நாள் கோட்டை வாயிலருகே போரிட்டு மடிந்தார்.

தீ அங்கே அணைந்ததா? இல்லை. 1792இன் உடன்படிக்கை திண்டுக்கல் பாளையக்காரர்களின் நிழலைப் பறித்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி ஆற்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் அதிகாரமும் அதன் கைக்கு வந்திருந்தது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விருப்பாட்சி கோபால நாயக்கர் திண்டுக்கல் பாளையங்களைத் திரட்டினார். 1801 ஜூன் 16இல் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சியில் ஒட்டப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் கோபால நாயக்கரும் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்குமரம் ஏறினர். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றினர். அப்போது அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களுள் முயிஸுத்தீனும் ஒருவர். கிளர்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டென்று கம்பெனி ஐயுற்றது. 14 ஆண்டுகளுக்கு முன் பிணையாக ஒப்படைக்கப்பட்ட அதே பிள்ளை! எனக்கு உடனே செருப்பேந்திய சிறுவன் நினைவுக்கு வந்தான்.

'உடன்படிக்கை கடுமையாக இல்லாதிருந்தால் போர் வந்திராதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1784இன் மங்களூர் உடன்படிக்கை கடுமையானதன்று. வென்ற இடங்களை இருதரப்பும் திருப்பித் தந்தன. அதுவும் ஆறாண்டுகள் நிலைக்கவில்லை. 1871இல் ஜெர்மனி பிரான்ஸின்மீது 500 கோடி பிராங்க் தண்டம் விதித்தது. பிரான்ஸ் இரண்டே ஆண்டுகளில் கட்டித் தீர்த்தது. ஆகவே, தண்டப்பணம் மட்டுமே போரை மூட்டிவிடுவதில்லை. மென்மை மட்டுமே அதைத் தடுத்துவிடுவதுமில்லை. பணத்தைத் திரும்பவும் ஈட்டலாம். பிரான்ஸ் மறக்க முடியாமற்போனவை வேறு: இழந்த அல்ஸாஸ் - லொரேன் மண், தன் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்திலேயே ஜெர்மானியர் தம் பேரரசைப் பிரகடனம் செய்த காட்சி. அதே மண்டபத்தில்தான் 1919 ஜூன் 28ஆம் நாள் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்தார்கள். 1921இல் 13,200 கோடி தங்க மார்க் தண்டம் என்று கணக்கிட்டார்கள். 1918இல் ஜெர்மானியர் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட ரயில் பெட்டியைக் காட்சிச்சாலையிலிருந்து வெளியே கொணரச் செய்து, 1940 ஜூன் 22ஆம் நாள் அதே பெட்டியில் பிரான்ஸைக் கையெழுத்திட வைத்தான் ஹிட்லர். அந்தப் போருக்குக் காரணங்கள் பல. வெர்சாய் ஒன்றே என்பது பேதைமை. ஆயினும் அந்த மண்டபமும் அந்தப் பெட்டியும் சொல்வது என்ன? 'ஒரு எழுத்துக்கூட மாத்த வேணாம்' என்பதைத்தான்!

அரபுமொழியில் சமாதானத்துக்கு 'ஸுல்ஹ்' என்று ஒரு சொல் உண்டு. 'ஹுத்னா' என்று மற்றொன்றும் உண்டு. முன்னதன் வேர் சீராதல், செம்மையாதல் என்ற பொருளுடையது. சீர்திருத்தத்தைக் குறிக்கும் 'இஸ்லாஹ்' அதே வேரில் கிளைத்தது. பின்னதன் வேர் அடங்கி அசைவற்றிருத்தலைச் சுட்டும். உள்ளே பகை கனன்றுகொண்டிருக்க மேலே அடங்கியிருக்கும் ஹுத்னாவைப் 'புகையின் மேலான அமைதி' என்று அரபு வழக்கு குறிக்கும். தமிழில் நாம் 'உடன்படிக்கை' என்கிறோம். இருவரும் உடன்படுவதே உடன்படிக்கை. ஒருவர் பணிய மற்றவர் பார்த்திருப்பதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அன்று நான் எழுதியது ஸுல்ஹ் அன்று, ஹுத்னாதான். அதுவும் புகையின் மேல்!

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கையை நாங்கள் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது குறைஷிகள் வற்புறுத்திய விதி. அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்ட அபூபஸீர் வழியில் தப்பிக் கடற்கரை ஓரம் சென்றார். அவரைப் போன்றவர்கள் அங்கே சேர்ந்தனர். குறைஷிகளின் வணிகக் கூட்டங்கள் அவ்வழியே செல்ல முடியாமற்போயிற்று. இறுதியில், அவர்களை மதீனாவிலேயே ஏற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் குறைஷிகளே வேண்டிக்கொண்டனர். கடுமையான விதி, விதித்தவரையே கடித்த கதை இது. பின்னர் மக்கா வெற்றியின்போது பொதுமன்னிப்பு வழங்கப்பட்டதும், நேற்றைய பகைவர் நாளைய உறவினர் ஆனதும் நாம் அறிந்தவையே. 30 ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தும் நான், ஒரு கிணற்றுத் தகராற்றில் அதை மறந்துபோனேன்.

நம் தமிழ் மரபிலும் ஒரு புலவர் நிற்கிறார். பகைவன் மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் முனைந்தபோது, இடைபுகுந்து பாடி அவர்களைக் காத்தவர் கோவூர்கிழார். சொல் வல்லவனுக்குரிய வேலை அது. வென்றவனின் சினத்துக்கு அழகான வாக்கியம் அமைத்துத் தருவதன்று.

வியாழக்கிழமை அவன் வந்தான். திண்டுக்கல்லைச் சொன்னேன், பிணையாகப் போன பிள்ளைகளைச் சொன்னேன். பிறகு, 24 ஆண்டுகளாகச் சொல்லாததையும் சொன்னேன்: "தம்பி, 'கைகட்டி நின்று' என்பது ஜமாஅத் சொன்னதில்லை. நானாகச் சேர்த்தது. உன் அத்தாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு; உன்னிடம் கேட்கிறேன்."

அவன் நெடுநேரம் பேசவில்லை.

"கிணற்றுக்கு முறை, பாதைக்கு அளவு, கண் போன பிள்ளைக்கு ஈடு, இவ்வளவும் எழுதித் தருகிறேன். அந்த முதியவரைப் பள்ளிவாசல் வாயிலில் நிறுத்தும் வரியை எழுத என் கை வராது. அவருக்குப் பத்து வயதில் ஒரு பேரன் இருக்கிறான் அல்லவா?"

அவன் தலை நிமிர்ந்தான். அந்தப் பேரனைப் பற்றி அதுவரை அவன் எண்ணியதில்லை என்று தோன்றிற்று. பழைய பத்திரத்தை மீண்டும் நான்காக மடித்தான். கிழிக்கவில்லை, என்னிடம் தரவுமில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான்.

"யோசிச்சுச் சொல்றேன், ஹஜ்ரத்."

இன்னும் வரவில்லை. புதிய முத்திரைத்தாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.