தரங்கம்பாடியில் ஒரு பகல்

குடும்பச் சுற்றுலாவைப் பற்றி எழுதுவோர் வண்டி புறப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். எங்கள் பயணமோ வண்டி புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு சிறு மனத்தாங்கலுடன் தொடங்கியது.

எங்கள் வீட்டில் அப்பா இருக்கிறார். எங்கள் இருவரில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். ஆயினும் இருவருமே அப்பா என்றுதான் அழைக்கிறோம். வயது 76. நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் சோர்ந்துவிட்டன; பேச்சும் குழறிவிட்டது. விடியற்காலைக் காப்பி முதல் இரவு மாத்திரை வரை அவரைச் சுற்றியே எங்கள் நாள் நகர்கிறது. ஞாயிறுதோறும் ஒருவர் முதற்பூசைக்குச் சென்று திரும்பிய பின்னரே மற்றவர் இரண்டாம் பூசைக்குப் புறப்படுவார். உறவினர் வீட்டுத் திருமணம் எதற்கும் நாங்கள் சேர்ந்து போனதில்லை. இதை முறையீடாகச் சொல்லவில்லை. இத்தகைய இல்லங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் நெடுநாள் நட்புடையவை. பாத்திரக்கடை பாய் வீடு, அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் வீடு, பள்ளி ஆசிரியர் வீடு, எங்கள் வீடு. ஆண்டுக்கு ஒருமுறை வண்டி பேசிக்கொண்டு எங்கேனும் ஒருநாள் போய்வருவார்கள். நாங்கள் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவைப்போம். இம்முறை தரங்கம்பாடி என்று முடிவு செய்துகொண்டு, பாயும் அஞ்சலக அண்ணனும் எங்களையும் அழைக்க வந்தார்கள்.

"அப்பாவால் முடியாதே" என்றோம், நான்கு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியபடி.

அஞ்சலக அண்ணன் எங்களுக்கு மறுமொழி கூறவில்லை. நேரே கட்டிலருகே போய் அமர்ந்தார். "பெரியப்பா, தரங்கம்பாடிக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். அப்பா சிறிது நேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, வாய் கோணி ஏதோ சொன்னார். "வேண்டாம் என்கிறார்" என்று நாங்கள் விளக்கினோம். அப்பா இடக்கையால் கட்டிற் சட்டத்தை ஓங்கித் தட்டினார். மீண்டும் சொன்னார். இம்முறை அண்ணன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அச்சுக்கூடம் என்கிறார்" என்றார் அண்ணன்.

அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் அச்சுக்கோத்தவர். கம்பாசிட்டர் என்று சொன்னால்தான் அக்காலத்தவருக்கு விளங்கும். திருமணப் பத்திரிகை, திருவிழா அழைப்பிதழ், கருமாதி ஓலை, நாடக நோட்டீசு என்று அவர் விரல்படாத செய்தி எங்கள் பக்கத்தில் அந்நாளில் குறைவு. பிறகு கணினி வந்தது. ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். தமிழ் அச்சின் வரலாற்றில் தரங்கம்பாடிக்கு உள்ள இடத்தை அவர் அறிவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கு அங்கே போக விருப்பம் இருக்கும் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை.

அன்று வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அண்ணன் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். "வெளியே வரமாட்டேங்கிறதுக்குக் கால் காரணம் இல்ல தம்பி. வழியில ஒண்ணுக்கு வந்தா என்ன பண்றதுங்கிற பயம். எங்கப்பாவும் இப்படித்தான் ஆறு வருஷம் படியிறங்கல." நான்கு ஆண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்யும் எங்களுக்கு அது தோன்றாமற்போனது நாணமாயிருந்தது. புறப்படும் நாளன்று அண்ணன் தம் பையில் மருத்துவமனைகளில் கொடுக்கும் சிறுநீர்க் குவளை ஒன்றும், மறைப்புக்கு நாலு முழ வேட்டி இரண்டும் வைத்திருந்தார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. பின்னிருக்கைகளில் பிள்ளைகள், நடுவில் பெண்மணிகளும் புளியோதரைத் தூக்குகளும், ஓட்டுநருக்குப் பக்கத்தில் அப்பா. மயிலாடுதுறை வரை அவர் வாய் திறக்கவில்லை. அங்கே இருப்புப்பாதையைக் கண்டதும் இடக்கையை நீட்டினார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ஆம் ஆண்டு முதல் தொடர்வண்டி ஓடியது. 1986-இல் அதை நிறுத்திவிட்டார்கள். சிறுவயதில் தம் தந்தையோடு அதில் ஒருமுறை போனதுண்டாம். இந்தச் செய்தியும் எங்களுக்குப் புதிது.

செம்பனார்கோயிலைத் தாண்டியதும் அஞ்சப்பட்டது நேர்ந்தது. அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவே. "தேநீர் சாப்பிடலாம், எல்லாரும் இறங்குங்க" என்றார் பாய். பெண்மணிகளும் பிள்ளைகளும் எதிர்க்கடைக்குப் போக, இருவர் வேட்டியை விரித்துப் பிடிக்க, காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. யாரும் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதன்பின் அப்பா இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். திருக்கடையூரில் அறுபதாம் கலியாணமும் எண்பதாம் கலியாணமும் செய்துகொண்ட தம்பதியர் மாலையும் கழுத்துமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்ததால் வண்டி சற்றுத் தயங்கி நின்றது. அம்மா மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த முதியவர்கள் கடந்து முடியும்வரை அப்பா பார்த்துக்கொண்டேயிருந்தார்.

தரங்கம்பாடிக்குள் நுழைவது ஒரு பழைய வாசல் வழியாக. வெள்ளையடித்த அக்கோட்டை வாசல் 1792-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் கடந்தால் இராசவீதி கடலை நோக்கி நேராகச் செல்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர்கள் 1620-இல் இங்கே காலூன்றினார்கள். ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் காலத்தில் எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாணிகம் நடத்திவிட்டு, 1845-இல் வங்காளத்துச் சேரம்பூருடன் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் இவ்வூரை விற்றுவிட்டுப் போனார்கள். துறைமுகத்தின் ஆரவாரம் ஓய்ந்ததால்தானோ என்னவோ, வீதி இன்றும் அமைதியாக இருக்கிறது. நம் ஊர்க் கடைத்தெருவின் இரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு அது முதலில் ஏதோ குறைபோலவே பட்டது.

சக்கர நாற்காலியைப் பாய் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். அதில் அப்பாவை அமர்த்தி, புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நிறுத்தினோம். 1718-இல் கட்டப்பட்ட லுத்தரன் ஆலயம் அது. முகப்பில் டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையும் முடியும் உள்ளன. 1706 சூலை 9-ஆம் நாள் தமது 23-ஆம் வயதில் இக்கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு, 36 வயதிலேயே காலமாகி இவ்வாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தி, தமிழில் முதன்முதல் நூல் அச்சானது இவ்வூரில்தான் என்று சொல்லத் தொடங்கினார்.

"இல்லை" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல் குழறாமல் வந்தது. எல்லாரும் திரும்பினோம். "கொல்லம். எழுபத்தெட்டு" என்றார். நாங்கள் விளக்க வாயெடுத்தோம், அண்ணன் கையமர்த்தினார். மிகுந்த நேரமெடுத்து, நடுநடுவே நின்று, அப்பாவே சொல்லி முடித்தார். தமிழ்ச் சொற்களை உரோமை எழுத்தில் அமைத்த நூல் ஒன்று 1554-இல் இலிசுபனில் அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, 16 பக்கங்கள், இயேசு சபையைச் சேர்ந்த அன்றீக்கே அடிகளாரின் உழைப்பு. தரங்கம்பாடி அச்சுக்கூடம் அதற்கு ஏறக்குறைய 135 ஆண்டுகள் பின்னது.

ஆசிரியர் பெருந்தன்மையுடையவர். "அப்படியானால் இந்த ஊரின் சிறப்பு என்னங்க ஐயா?" என்று மாணவர்போல் கேட்டார். நம்மவர் முந்திவிட்டார் என்ற பெருமிதத்தோடு அப்பா நிறுத்திக்கொள்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவருக்கோ அது பொருட்டாகப் படவில்லை. தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இல் அச்சேறி முடிந்தது இங்கேதான் என்றார். செருமனியில் ஹாலே நகரிலிருந்து வார்த்து வந்த எழுத்துகள் பருமனானவை. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே இவ்வூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பாலாடைக்கட்டி அடைத்துவந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்றொரு செய்தியும் உண்டு. இதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார். அச்சகத்தில் எழுத்துத் தட்டுப்பாடு வரும்போது என்னென்ன செய்தார்கள் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய லை, ணை எழுத்துகளையும், 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொணர்ந்தபின் அவை பெட்டியில் கிடந்து தூசு படிந்ததையும் சொன்னார். பிள்ளைகளுக்கு அதில் பாதி புரிந்திராது. ஆனால் ஒருவரும் நகரவில்லை.

கோட்டையைப் பற்றி நிறையச் சொல்லலாம்; சுருக்கிக்கொள்கிறோம். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்தளத்திற்குப் படியேற வேண்டும். ஆடவர் நால்வரும் நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று ஆயத்தமானபோது அப்பா உறுதியாக மறுத்தார். அவரே மறுத்ததால் அதை மறுப்பென்றே ஏற்றுக்கொண்டோம். கீழே நிழலில் பாயும் அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு அமர்ந்திருக்க, நாங்கள் இருவரும் மேலேறி ஒருங்கே நின்று கடல் பார்த்தோம்.

மாலையில் கரைக்குப் போனோம். வடபுறத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. பாண்டியர் காலத்தில், 1306-இல் எழுப்பப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரில் எத்தனையோ மீனவக் குடும்பங்களை வாரிக்கொண்டது. அன்று மாலை அலைகள் சாதுவாக இருந்தன. இருப்பினும் பிள்ளைகளைத் தண்ணீரருகே விட எவருக்கும் மனம் வரவில்லை. மணலில் விளையாடச் சொன்னோம்.

நாற்காலிச் சக்கரம் மணலில் புதைந்ததால் அப்பாவை இறக்கிப் பாயில் அமர்த்தினோம். நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அவரருகே உட்கார்ந்து தன் பெயரை மணலில் எழுதினாள். அப்பா இடக்கை விரலால், அதற்குக் கீழே, வலமிருந்து இடமாக ஏதோ வரைந்தார். சுழியும் கோடுமாக ஒன்றும் விளங்கவில்லை. "தாத்தா கிறுக்குறாங்க" என்றாள் குழந்தை. எங்களுக்கு உள்ளம் பதறியது. மூளையில் மறுபடியும் ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பாய்தான் குனிந்து பார்த்தவர். தம் கடைத் திறப்பு விழா நோட்டீசை அப்பா கோத்தபோது பக்கத்தில் நின்றவர் அவர். "இது அச்சு எழுத்து. திருப்பிப் படிக்கணும்" என்றார். மகள் கைப்பேசியில் படம்பிடித்து அதை இடவலமாகத் திருப்பினாள். திரையில் அவளுடைய பெயர் இருந்தது, கொம்பும் காலும் பிசகாமல். 31 ஆண்டுகள் முகம் திரும்பிய ஈய எழுத்துகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இடக்கையில் எழுத்து அப்படித்தான் வந்திருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நோய் வந்த முதலாண்டில், இடக்கையால் எழுதப் பழக்குங்கள் என்று மருத்துவர் சொன்னபடி, ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாட்களில் ஏழெட்டுப் பக்கங்கள் நிரப்பினார். எல்லாம் கிறுக்கல் என்று நாங்கள் முடிவு செய்து, அவர் மனம் நோகாமலிருக்கட்டும் என்று நோட்டை எடுத்துவிட்டோம். பிறகு எப்போதோ பழைய தாள்களோடு அதையும் எடைக்குப் போட்டுவிட்டோம். அன்று கரையில் அது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. வண்டியில் திரும்பும்போது, எல்லாரும் உறங்கிய பின், அந்த நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, நினைவில்லை என்று தலையசைத்தார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எங்களுக்காக அப்படிச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

மறுநாள் அவருக்குச் சளி பிடித்தது. மூன்று நாள் இருமினார். கடற்காற்றில் கூட்டிப்போனதற்கு அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது கட்டிலருகே ஒரு சிலேட்டும் கைப்பிடியுள்ள சிறு கண்ணாடியும் இருக்கின்றன. அதில் முதலில் எழுதப்பட்ட சொல் 'ஏலாக்குறிச்சி'. ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டித் தந்தவர் என்று போற்றப்படும் வீரமாமுனிவர் வாழ்ந்த கொள்ளிடக்கரை ஊருக்கு அவர் போகவேண்டுமாம். வண்டி பேசியாகிவிட்டது. இம்முறை புளியோதரை வேண்டாம், எலுமிச்சைச் சோறு போதும் என்று சிலேட்டின் அடியில் எழுதியிருக்கிறார்.