லெட்சுமியும் லட்சுமியும்: ஒரு கொப்பி லிஸ்டின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. கொப்பி வேலைக்குக் காசு தந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பிழை எங்களுடையது.

பாடசாலை தொடங்க முன் நாங்கள் மூன்று ஆசிரியர்களும் பள்ளிவாசல் வாலிபர்கள் சிலரும் ஹாலி-எல பக்கம் ஒரு தோட்டத்தில் லயம் லயமாக ஏறி விபரம் எடுத்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். தாயின் பெயர், காம்பரா, பிள்ளைகளின் பெயர், வகுப்பு. பிறகு இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மைக்ரோசொப்ட் அக்சஸில் ஏற்றினோம். மேலே குடும்பப் படிவம், அதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு உபபடிவம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கொடுக்கிற நாள் ஒரு அக்கா வந்தார். பெயரைத் தட்டினோம். குடும்பம் வந்தது, பிள்ளைகள் பகுதி வெறுமை.

"பிள்ளைகள் பேர் லிஸ்டில் இல்லையே அக்கா."

"என்ன சேர் இப்படிச் சொல்றீங்க? மூணு புள்ளைங்க பேரையும் எழுதிக்கிட்டுப் போனது நீங்கதானே?"

பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. "ஓரமா நில்லுங்க, பார்ப்போம்" என்றோம். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. 1948 சட்டத்தோடு பிரஜாவுரிமை பறிபோய், மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் அது கிடைத்தது. அப்படிப்பட்ட சனத்திடம் போய் "உங்கள் பேர் லிஸ்டில் இல்லை" என்று ஒரு லெப்டொப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறோம்.

அரை மணித்தியாலம் கழித்து அடுத்த லயத்திலிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள் என்று காட்டியது. ஐந்து கட்டு கொப்பியை நீட்டினோம். அவர் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "மூணு என் புள்ள இல்ல சேர்" என்றார். அவர் பேசாமல் வாங்கிப் போயிருந்தால் எங்களுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். இருவர் பெயரையும் நாங்கள் "லெட்சுமி" என்றே பதிந்திருந்தோம். படிவத்தையும் உபபடிவத்தையும் இணைக்கிற இடத்தில், அதாவது லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ், லிங்க் சைல்ட் ஃபீல்ட்ஸ் இரண்டிலும், தாயின் பெயரைப் போட்டிருந்தோம். அப்போதே இருவருக்கும் ஐந்து பிள்ளைகளும் காட்டியிருக்கும், யாரும் கவனிக்கவில்லை. பிறகு எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தில், அடையாள அட்டையில் உள்ளபடி முதலாமவரின் பெயரை "லட்சுமி" என்று திருத்தினார். மேலே பெயர் மாறியது, பிள்ளைகளின் பதிவில் பழைய எழுத்தே நின்றது. ஒரு கொம்பை எடுத்ததில் மூன்று பிள்ளைகளும் அடுத்த லயத்துக்குப் போய்விட்டார்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், சாதாரண தர வகுப்பில் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்று கரும்பலகையில் எழுதிக் கொடுப்பவர்களே நாங்கள்தான். பெயரை வைத்து உறவை உறுதிப்படுத்தப் போனபோது அக்சஸ் மறுக்கவும் செய்தது. ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடிய புலத்தை அது அப்படி ஏற்காது. "பிறகு பார்ப்போம்" என்று அந்தச் சரி அடையாளத்தைப் போடாமலே விட்டோம்.

இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓட்டோநம்பரில் ஒரு குடும்ப இலக்கம். அதுதான் முதன்மைச் சாவி. பிள்ளைகள் அட்டவணையில் அதே இலக்கம், லோங் இன்டிஜர் வகையில், அந்நியச் சாவியாக நிற்கிறது. இரண்டு லிங்க் இடத்திலும் அந்த இலக்கமே. உபபடிவத்தில் பிள்ளையின் பெயரைத் தட்டத் தொடங்கியதும் இலக்கம் தானாக விழும், யாரும் கையால் அடிக்கத் தேவையில்லை. அந்தப் புலம் வெறுமையாக இருக்கக்கூடாது என்றும் போட்டுவிட்டோம். இல்லாவிட்டால் தாயில்லாத பிள்ளையாக ஒரு பதிவு நுழைந்துவிடும். லட்சுமியை இனி எந்த எழுத்தில் எழுதினாலும் பிள்ளைகள் அவரிடமே இருப்பார்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை ஏன் சாவியாக எடுக்கவில்லை என்று ஒரு நானா கேட்டார். சிலரிடம் அட்டையே இல்லை. இருப்பவர்களிலும் சிலரிடம் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழையது, சிலரிடம் 12 இலக்கப் புதியது. காம்பரா இலக்கமும் சரிவராது, ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருக்கிறது. சிரிக்க வேண்டாம், எங்கள் பள்ளிவாசல் சந்தா லிஸ்டில் எம். பாத்திமா எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கலந்துபோன பிள்ளைகளைப் பிரிக்கக் கணினியால் முடியவில்லை. யார் யாருடைய பிள்ளை என்பது பழைய தாள்களில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்புப் பேனாவால் குடும்ப இலக்கம் எழுதி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இன்னும் நான்கு குடும்பங்களில் இதே சிக்கல். மூன்றைச் சரிசெய்து கொப்பியையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. முதலில் வந்த அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் அன்று பின்னேரமே கிடைத்துவிட்டது.

நான்காவது குடும்பத்தின் தாளைக் காணவில்லை. அன்று மேல் டிவிஷனுக்கு எங்களோடு வந்த தம்பிமார் தயவுசெய்து உங்கள் பேக்கைத் தேடிப் பாருங்கள். சனிக்கிழமை அசருக்குப் பிறகு மறுபடி மேலே ஏறுகிறோம்.